கட்சிகள் மாறிய வரலாறும் நம் மக்களும்

கட்சி என்பது ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டவர்கள் கூடி அமைக்கும் அமைப்பு என்று குடிமையியல் பாடநூல் கூறுகிறது. இலக்கணம் என்ற அளவில் இது சரியே. ஆனால், தோன்றிய நாளில் சொன்னதையே ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் சொல்லிக்கொண்டிருக்கும் கட்சியைக் காண்பது அரிது. கொடி அதுவாகவே இருக்கும். சின்னமும் அதுவாகவே இருக்கும். சொல்லும் செய்தி மட்டும் வேறாகியிருக்கும். மறுபுறம், பெயரும் கொடியும் பலமுறை மாறியும் கோரிக்கை மட்டும் மாறாதிருந்த வரலாறும் உண்டு. இவ்விரு வகை மாற்றங்களையும் பிரித்தறியும் பயிற்சி வாக்களிக்கும் மக்கள் அனைவருக்கும் வேண்டும். நம் மக்களுக்கு அது பெரிதும் வேண்டும்.

நம் தெருக்களில், "எங்களுடையது இன்ன கட்சிக் குடும்பம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. பாட்டனார் எந்தச் சின்னத்திற்கு வாக்களித்தாரோ அதற்கே பேரனும் வாக்களிக்கிறான். பாட்டனார் வாக்களித்ததற்குத் தக்க காரணம் இருந்தது. அக்காரணம் இன்றும் இருக்கிறதா என்று பேரன் கேட்பதில்லை. அவ்வாறு கேட்பது பாட்டனாருக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது. அவர் காரணம் அறிந்து வாக்களித்தார். நாமும் காரணம் அறிந்து வாக்களிப்பதே அவரைப் பின்பற்றுவதாகும்.

அரசுப் பள்ளியில் பணிபுரியும் எனக்குக் கட்சி இல்லை, இருக்கவும் கூடாது. வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தோடு தொடர்புடைய சில நிகழ்ச்சிகளைக் கொண்டு, கட்சிகள் ஏன் மாறுகின்றன, எப்போது மாறுகின்றன என்பதை மட்டும் இங்கே ஆராய விரும்புகிறேன்.

வாக்கு இல்லாதவர்க்கு வாக்குறுதி இல்லை

1916ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அது நடத்திய ஆங்கில ஏட்டின் பெயரால் நீதிக்கட்சி என்று வழங்கப்பட்டது. பிராமணரல்லாதார் அனைவருக்கும் கல்வியிலும் அரசுப் பணியிலும் உரிய பங்கு வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அந்த 'அனைவர்' என்ற சொல்லில் ஆதிதிராவிடரும் அடங்குவர் என்று நம்பியே எம். சி. ராஜா போன்ற நம் தலைவர்கள் தொடக்கத்தில் அக்கட்சியோடு நின்றனர்.

1921ஆம் ஆண்டு பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் பிற தொழிலாளருக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. நீதிக்கட்சித் தலைவர்களுள் பலர் ஆதிதிராவிடர் மீதே பழி சுமத்தினர். மனம் நொந்த எம். சி. ராஜா 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார்.

இதற்குத் தனி மனிதர்களின் குணத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அந்நாளில் வாக்குரிமை, சொத்தும் வரியும் உடையவர்க்கே இருந்தது. நம் மக்களில் வாக்குரிமை பெற்றிருந்தவர் மிகச் சிலர். சட்டசபையில் நம் பிரதிநிதிகள் தேர்தலில் வென்று அமரவில்லை. ஆளுநரால் நியமிக்கப்பட்டே அமர்ந்தனர். நம் வாக்கு இல்லாமலேயே வெல்ல முடிந்த கட்சிக்கு நம்மை இழப்பதால் ஒரு தொகுதியும் குறையவில்லை. வாக்கு இல்லாதவர்க்கு வாக்குறுதி இல்லை என்பதே இப்பகுதியின் சாரம்.

இருப்பினும் நியமன உறுப்பினர்கள் வாய் மூடி இருக்கவில்லை. 1922இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் அரசு ஆவணங்களில் பழைய இழிபெயர்கள் நீங்கி 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் ஏறியது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமை ஏட்டில் ஏற்கப்பட்டது.

ஏட்டில் ஏறிய உரிமை ஊருக்குள் வருவதற்கு உள்ளூரில் ஒருவர் வேண்டும். அந்நாளில் நம் இரு ஊர்களும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டிய நாடார், ஆதிதிராவிடரைப் பேருந்தில் ஏற்ற மறுக்கும் உரிமையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஆணையிட்டார். அவர் நீதிக்கட்சியையும் சுயமரியாதை இயக்கத்தையும் சார்ந்தவர். சென்னையில் நம் தலைவரை வெளியேறச் செய்த அதே கட்சியைச் சேர்ந்த ஒருவரே நம் மாவட்டத்தில் நம் மக்களைப் பேருந்தில் ஏற்றினார். ஒரு கட்சிக்கு ஒரே காலத்தில் ஒரே முகம்தான் இருக்கும் என்று எண்ணுதல் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

காஞ்சியில் மறுத்தது, புதுதில்லியில் வாதாடியது

இனிக் காங்கிரசைப் பார்ப்போம். 1925இல் காஞ்சிபுரத்தில் நடந்த தமிழ்நாட்டுக் காங்கிரசு மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்திற்காகத் தந்தை பெரியார் கொண்டுவந்த தீர்மானம் ஏற்கப்படவில்லை. அதனாலேயே அவர் காங்கிரசை விட்டு வெளியேறினார். வகுப்பு வாரியாக இடங்களைப் பங்கிடுவது நாட்டின் ஒற்றுமையைக் குலைக்கும் என்பது அந்நாளைய காங்கிரசுத் தலைவர்களின் வாதம்.

1920களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த வகுப்புரிமை ஆணையின்படி, அரசுப் பணியில் 12 இடங்களைப் பங்கிடும்போது ஆதிதிராவிடருக்கு 1 இடம் கிடைத்தது. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான காங்கிரசு அமைச்சரவை அதை மாற்றி அமைத்தது. புதிய முறையில் 14 இடங்களில் 2 நமக்கு ஒதுக்கப்பட்டன. பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2 இடங்கள் கிடைத்தன. காஞ்சிபுரத்தில் மறுத்த கட்சியே ஆட்சியில் அமர்ந்த பின் அந்த முறையை விரிவாக்கியது.

அடுத்த கட்டம் நம் மண்ணைச் சார்ந்தது. 1949 ஏப்ரலில் இராசபாளையத்தைச் சேர்ந்த பி. எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதல்வரானார். 1950 சனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்லூரிகளில் வகுப்பு வாரியாக இடம் ஒதுக்குவது அச்சட்டத்திற்கு முரணானது என்று செண்பகம் துரைராசன் என்பார் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குமாரசாமி ராஜாவின் அரசு அத்துடன் நின்றுவிடாமல் உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று அங்கும் தோற்றது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு சூன் மாதத்தில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தாருக்கும் தனி ஏற்பாடு செய்ய இடமளிக்கும் 15(4) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது.

1925இல் ஒரு கோரிக்கையை மறுத்த கட்சி, 26 ஆண்டுகளில் அக்கோரிக்கைக்காக நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் வாதாடியது. அங்கே தோற்றபின் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தியது. மாநில அரசின் பொறுப்பில் அப்போது இருந்தவர் நம் இராசபாளையத்துக்காரர். இடையில் மாறியது என்ன? அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. முதற் பொதுத்தேர்தல் வாசலில் நின்றது. 1951இல் எந்தக் கட்சியாலும் 1925இல் பேசியதைப் பேச முடியவில்லை.

ஓராண்டில் திறந்த கதவு

கோயில் நுழைவிலும் இதுவே நடந்தது. 1938இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். அப்போதைய முதல்வர் இராசாசி, மலபாருக்கு மட்டும் முதலில் சட்டம் செய்யலாம் என்று கூறி அதை ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டு சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர், பி. கக்கன் முதலியோரை அழைத்துச் சென்றார். அவ்வாறு நுழைந்தோருக்கும் நுழைவித்தோருக்கும் சட்டப் பாதுகாப்பு அளிக்க அதே இராசாசி அரசே விரைந்து சட்டம் இயற்றியது. 1947இல் மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. ஓராண்டுக்குள் முதல்வரும் மாறவில்லை, கட்சியும் மாறவில்லை. கோயில் வாசலில் ஒரு செயல் நிகழ்ந்துவிட்டது. சட்டம் அதன் பின்னால் வந்தது.

கல்வியிலும் ஒரு சான்று உண்டு. 1953இல் இராசாசி கொண்டுவந்த அரை நாள் கல்வித் திட்டம், மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கச் செய்வது என்பதால் குலக்கல்வித் திட்டம் எனக் கண்டிக்கப்பட்டது. 1954 ஏப்ரலில் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். இருவரும் ஒரே கட்சியினர். பள்ளிகள் பெருகின, 1956 முதல் மதிய உணவு வந்தது. நம் சமூகத்தின் பி. பரமேசுவரன் அறநிலையத் துறை அமைச்சரானார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்த மக்களில் ஒருவர் கோயில்களை நிர்வகிக்கும் துறைக்குத் தலைமை ஏற்றார்.

ஒரு தொகுதி, இரண்டு உறுப்பினர்கள்

திருவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலிருந்து 1952இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் காமராசர். 1957இல் அது இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடத்தில் பார்வார்டு பிளாக் தலைவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரும், பட்டியல் இனத்தாருக்கான இடத்தில் காங்கிரசைச் சேர்ந்த ஆர். எஸ். ஆறுமுகமும் வென்றனர். ஒரே மண்ணின் வாக்காளர்கள், ஒரே நாளில், எதிரெதிராக நின்ற இரு கட்சிகளைச் சேர்ந்தவர்களைப் புதுதில்லிக்கு அனுப்பினர்.

பார்வார்டு பிளாக் 1939இல் நேதாசி சுபாசு சந்திர போசு காங்கிரசுக்குள்ளேயே தொடங்கிய இடதுசாரி அமைப்பு. ஏகாதிபத்திய எதிர்ப்பும் சமதர்மமும் அதன் கொள்கை. வங்கத்தில் அது இடதுசாரி அணியிலேயே தொடர்ந்தது. நம் தென் மாவட்டங்களிலோ அது ஒரு சமூகத்தாரின் ஆதரவையே பெரிதும் சார்ந்து நின்றது. கட்சியின் கொள்கை ஏடு ஒன்றே. மக்கள் அதைப் புரிந்துகொண்ட பொருள் ஊருக்கு ஊர் வேறானது. ஒரு கட்சியை அதன் ஏட்டைக் கொண்டு மட்டுமன்றி, எந்தெந்த ஊரில் யார் அதைச் சுமந்து செல்கிறார்கள் என்பதைக் கொண்டும் அளக்க வேண்டும்.

அந்த 1957ஆம் ஆண்டின் செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதையும், முதுகுளத்தூர் வட்டாரத்தில் உயிர்கள் பல மாண்டதையும் நம் மக்கள் மறக்கவில்லை. தேர்தலில் தோன்றும் அணிகள் வாக்குப் பெட்டியோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டியது.

இரட்டை உறுப்பினர் முறை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. தனித் தொகுதி முறை நிலைத்தது. இதன் வேர் 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் உள்ளது. தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு, மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் நமக்கு ஒதுக்கப்பட்டன; அவற்றில் 30 சென்னை மாகாணத்திற்கு உரியவை. இடங்கள் பெருகின. ஆனால் அந்த இடத்தில் நிற்பவரைத் தேர்ந்தெடுப்போர் அனைத்துச் சமூகத்தாரும் ஆயினர். தனித் தொகுதியில் எல்லாக் கட்சிகளின் வேட்பாளரும் நம்மவரே. வேட்பாளரின் பிறப்பைக் காட்டி அங்கே நம் வாக்கைக் கேட்க முடியாது. எனவே அங்கே எஞ்சி நிற்பது கட்சியின் செயல்திட்டம் ஒன்றே. அதைப் படித்துப் பார்க்கத் தெரியாவிடில் தனித் தொகுதியால் நமக்குக் கிடைக்கும் பயன் பாதியாகிவிடும்.

கழகங்களின் மாற்றம்

நீதிக்கட்சி 1944இல் சேலத்தில் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. தேர்தலை விட்டொதுங்கிச் சமூகச் சீர்திருத்தத்தை மேற்கொண்டது. சமீன்தார்களும் பட்டம் பெற்றோரும் வழிநடத்திய கட்சி, கறுப்புச் சட்டை அணிந்த தொண்டர்களின் இயக்கமாயிற்று. 1949 செப்டம்பர் 17 அன்று அதிலிருந்து திராவிட முன்னேற்றக் கழகம் பிரிந்தது. தேர்தலில் ஈடுபடுவதில்லை என்றிருந்த அதுவும் 1956 திருச்சி மாநாட்டில் தொண்டர்களின் கருத்தைக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டு, 1957இல் 15 இடங்களையும் 1962இல் 50 இடங்களையும் வென்றது. தனித் திராவிட நாடு என்னும் முதன்மைக் கோரிக்கையை 1963இல், பிரிவினைத் தடைச் சட்டத் திருத்தம் வந்தபோது கைவிட்டது. 1967இல் இராசாசியின் சுதந்திராக் கட்சி உள்ளிட்ட பல கட்சிகளோடு கூட்டுச் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தது. பக்கத்து விருதுநகரில் காமராசரே தோல்வியுற்றார். குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து முழங்கிய கழகம் அதைக் கொண்டுவந்த இராசாசியோடு ஒரே மேடையில் நின்றது. காங்கிரசை விட்டு வெளியேறிய பெரியார் காமராசரின் காங்கிரசை ஆதரித்து நின்றார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதை யாரேனும் சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

புதிய ஆட்சி வந்து இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள், 1968 டிசம்பர் 25 இரவு, தஞ்சை மாவட்டக் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. ஏழைகளின் ஆட்சி என்று சொல்லிக்கொண்டதால் மட்டும் ஏழை வீட்டுக் கூரை காப்பாற்றப்படவில்லை. ஆயினும் அந்நெருப்பு எழுப்பிய குரலுக்கு அரசு செவிசாய்க்க நேர்ந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது. 1971இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டில் நம் இட ஒதுக்கீடு 16 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது.

1972இல் தோன்றிய அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் வரலாற்றில் வேறொரு பாடம் இருக்கிறது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9000 ரூபாய்க்கு மேற்பட்ட பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு இல்லை என்று ஆணை பிறப்பித்தது. 1980 சனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் அக்கட்சி பெருந்தோல்வி அடைந்தது. உடனே அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டது. அண்ணாவின் நூல்களில் புதிதாக எதையும் கண்டுபிடித்ததால் வந்த மாற்றம் அன்று இது; வாக்கு எண்ணிக்கை கற்பித்த பாடம்.

நம் கண்முன் நடந்தவை

1996இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, 1997இல் விருதுநகர் வட்டாரப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கனார் பெயரைச் சூட்ட முடிவு செய்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பு நம் மாவட்டத்தில் கலவரமாக வெடித்தது. முடிவில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் நீக்கியது. 1985இல் பிறந்த காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. தலைவர்களின் பெயரைச் சூட்டுவதையே ஒரு கொள்கையாகப் போற்றி வந்த கட்சி, அக்கொள்கையை நம் பகுதியில் எழுந்த ஒரு பூசலின் காரணமாகக் கைவிட்டது. நம் வீரர் ஒருவரின் பெயரைப் பேருந்தில் காணச் சகியாதவர்கள் இருந்தார்கள் என்பதையும் வரலாறு பதிவு செய்ய வேண்டும்.

மற்றொரு நிகழ்ச்சி தேர்தல் சார்ந்தது. 2006இல் திருவில்லிபுத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தி. இராமசாமி வென்றார், அப்போது அக்கட்சி தி.மு.க. அணியில் இருந்தது. 2011இல் அதே தொகுதியில் அதே கட்சியின் பொன்னுபாண்டி வென்றார். அப்போது அக்கட்சி அ.இ.அ.தி.மு.க. அணியில் இருந்தது. இடையில் 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையால் தனித் தொகுதியாக இருந்த இராசபாளையம் பொதுத் தொகுதியாகவும், பொதுத் தொகுதியாக இருந்த திருவில்லிபுத்தூர் தனித் தொகுதியாகவும் மாறிவிட்டன. எதிரெதிர் அணிகளின் வாக்குகளைக் கொண்டு அடுத்தடுத்து வென்ற கட்சி தன் கொள்கையால் வென்றதா, கூட்டணிக் கணக்கால் வென்றதா என்று வாக்காளர் கேட்பது முறையே.

அண்ணல் காட்டிய மாற்றம்

இதுவரை கண்டவை பெரும்பாலும் பெயர் நிலைத்துப் பொருள் மாறிய வரலாறுகள். பெயர் மாறிப் பொருள் நிலைத்த வரலாறு அண்ணல் அம்பேத்கருடையது. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். தொழிலாளரும் குத்தகை விவசாயிகளும் சாதி கடந்து ஒன்றுசேர்வர் என்பது அதன் நம்பிக்கை. 1942இல் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு தோன்றியது. அரசியல் அதிகாரம் கைமாறும் காலத்தில் நம் மக்களுக்குத் தனிக் குரல் வேண்டும் என்பது அதன் தேவை. அதன் தலைவராகச் சென்னையைச் சேர்ந்த ந. சிவராசு தேர்ந்தெடுக்கப்பட்டார். இறுதியாக, ஒடுக்கப்பட்டோர் அனைவரையும் தழுவும் குடியரசுக் கட்சியை அண்ணல் திட்டமிட்டார். அது அவர் மறைவிற்குப் பின் 1957இல் உருப்பெற்றது. 21 ஆண்டுகளில் மூன்று கட்சிகள். கல்வி, நிலம், பாதுகாப்பு, அதிகாரத்தில் பங்கு ஆகிய கோரிக்கைகள் மூன்றிலும் மாறவில்லை.

நம் காலத்துத் தலித் கட்சிகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். தேர்தலைப் புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் தேர்தலில் இறங்கினர். தலித் உரிமைப் போராட்டங்களில் எழுந்த புதிய தமிழகம், பின்னாளில் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டும் என்னும் கோரிக்கையை முன்வைத்தது; தேவேந்திரகுல வேளாளர் என்னும் பொதுப்பெயர் 2021இல் சட்டமாயிற்று. அருந்ததியர் அமைப்புகளின் நெடுநாள் கோரிக்கை, 18 விழுக்காட்டிற்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடாக 2009இல் நிறைவேறியது. அத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டு 1 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை பற்றி நம்முள் வேறுபட்ட கருத்துகள் உண்டு. நம் கட்சி என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருப்பதும், பிறர் கட்சி என்பதற்காக நன்மையை மறுப்பதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள்.

கடல் கடந்த சான்று

இம்மாற்றம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1854இல் தோன்றிய குடியரசுக் கட்சி அடிமை முறை பரவுவதை எதிர்த்துப் பிறந்தது. அக்கட்சியின் ஆபிரகாம் லிங்கன் காலத்தில் அடிமைகள் விடுதலை பெற்றனர். தென் மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்களைக் காத்து நின்றது சனநாயகக் கட்சி. ஆகவே கறுப்பின மக்கள் இரு தலைமுறைகளாக லிங்கனின் கட்சிக்கே வாக்களித்தனர். 1930களில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது, வேலையும் உதவியும் அளித்த ரூசுவெல்ட்டின் சனநாயகக் கட்சி பக்கம் அவர்களில் பெரும்பாலோர் திரும்பினர். மார்ட்டின் லூதர் கிங் போன்றோரின் போராட்டத்தின் பயனாக 1964இல் குடியுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் சனநாயகக் கட்சியைச் சேர்ந்த லிண்டன் சான்சன். அதன்பின் தென் மாநில வெள்ளையரில் பெரும்பாலோர் படிப்படியாகக் குடியரசுக் கட்சிக்கு மாறினர். நூறு ஆண்டுகளில் இரு கட்சிகளும் ஏறத்தாழ இடம் மாறிக்கொண்டன. பெயர்கள் அப்படியே இருந்தன. பாட்டனாரின் நன்றியையும் பேரனின் தேவையையும் பிரித்தறிய அம்மக்கள் கற்றுக்கொண்டனர்.

நாம் செய்யத்தக்கது

கட்சி மாறுவதெல்லாம் துரோகம் என்று சொல்வது எளிது. ஆனால் அது உண்மை அன்று. கோயில் நுழைவு, முதல் சட்டத் திருத்தம், கூலிச் சட்டம் ஆகியவை கட்சிகள் முன்னைய நிலையை விட்டு மாறியதால் வந்தவையே. கட்சிகள் மாறாதிருந்திருந்தால் நாமும் இருந்த இடத்திலேயே இருந்திருப்போம். கட்சி மாறியதா என்பது சிறிய கேள்வி. யார் கேட்டதால் மாறியது, யாருக்காக மாறியது என்பதே பெரிய கேள்வி. அக்காலத்தில் உரத்துக் கேட்கும் வலிமை யாருக்கு இருந்ததோ அவர்களின் கோரிக்கையே கட்சியின் செயல்திட்டத்தில் ஏறுகிறது. அந்த வலிமை முதலில் வாக்கால் வந்தது. பிறகு அமைப்பால் வந்தது. இவ்விரண்டையும் அறிவோடு பயன்படுத்தும் ஆற்றல் கல்வியால் வருகிறது.

எனவே நம் இளைஞர்கள் ஒவ்வொரு தேர்தல் அறிக்கையையும் கையில் எடுத்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். நமக்கு என்று சொல்லியிருப்பது எவ்வளவு, எப்போது என்று எழுதியிருக்கிறதா? சென்ற முறை சொன்னது அரசாணையாயிற்றா, அதற்கு நிதி ஒதுக்கப்பட்டதா? முன்பு சொன்னதிலிருந்து மாறியிருந்தால் அதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார்களா? தனித் தொகுதி மேடையில் நமக்குச் சொல்வதைப் பொதுத் தொகுதி மேடையிலும் சொல்கிறார்களா? நான்காவது கேள்வியே மிகக் கடுமையானது. இராசபாளையம் பொதுத் தொகுதி. திருவில்லிபுத்தூர் தனித் தொகுதி. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைப் பேருந்தில் அரை மணிக்குள் கடந்துவிடலாம். அந்தத் தொலைவுக்குள் ஒரு கட்சியின் பேச்சு மாறுகிறதா என்பதைக் கேட்டறிய நம் பிள்ளைகளால் முடியும்.

இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பி வரும் நம் கல்விச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். சங்கத்தின் நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்குங்கள். ஒவ்வொரு தேர்தலிலும் நம் இரு தொகுதிகளில் எல்லாக் கட்சிகளும் வெளியிடும் அறிக்கை, துண்டறிக்கை ஆகியவற்றையும், பின்னர் வரும் அரசாணைகளையும் ஆண்டு வாரியாகக் கட்டி வையுங்கள். மூத்தோர் வீடுகளில் பழைய துண்டறிக்கைகள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். எந்தக் கட்சிக்கும் சார்பாகவோ எதிராகவோ ஒரு சொல்லும் அங்கே எழுத வேண்டியதில்லை. அடுத்தடுத்து வைத்தாலே போதும். அவை தாமே பேசும். வாக்குக் கேட்டு வருவோரிடம், "ஐயா, சென்ற முறை தாங்கள் சொன்னது இது" என்று பணிவோடு எடுத்துக் காட்டும் மாணவன் ஒருவன் ஒவ்வொரு தெருவிலும் இருப்பானாகில், அறிக்கை எழுதுவோர் அடுத்த முறை நம் தெருவையும் நினைவில் கொண்டே எழுதுவர்.